மாதிரி விமானத்தின் புரொப்பெல்லர்: தேர்வும் பேணலும்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

முன்னுரை

வானில் விமானத்தின் ஓசை கேட்டால் அண்ணாந்து பார்க்காதவர் அரியர். வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருந்தாலும் சன்னலோரத்து மாணவனின் கண் ஒரு கணம் மேலே போய்த்தான் திரும்பும். அந்த ஆவலைக் கையால் செய்து பார்க்கும் கலையே மாதிரி விமானக் கலை. இதில் ஈடுபடுவோர் பால்சா மரத்தில் இறக்கை கட்டுவதிலும், எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதிலும் தம் முழுக் கவனத்தையும் செலவிடுகின்றனர். இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு பொருளை மட்டும், கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டிவிடுகின்றனர். அதுதான் புரொப்பெல்லர்.

எஞ்சினில் எவ்வளவு ஆற்றல் இருந்தாலும் அது காற்றைச் சென்றடைவது இந்த ஒரே வழியில்தான். மாதிரி விமானத்தில் மிக மலிவான உறுப்புகளுள் இதுவும் ஒன்று. மிக அபாயமான உறுப்பும் இதுவே. இதனைக் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். காயம்பட்டால் கணக்குப் பாராமல் எறிந்துவிட வேண்டும். இவ்விரண்டையும் காரணத்தோடு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கே நான் எழுதுவன பெரும்பாலும் திண்டிவனத்தில் வசிக்கும் என் தாய்மாமனிடம் கற்றவை. அவர் தம் கல்லூரிப் பருவத்தில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் இருந்தவர். கோடையில் ஏரி வற்றியதும் அந்தத் தரையே எங்களுக்கு ஓடுதளம். ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்திலிருந்து பேருந்தேறிச் சென்று, அவர் செய்வதைப் பார்த்தும், வகுப்பில் படித்த இயற்பியலோடு ஒப்பிட்டும் அறிந்தவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

நம் சாலையும் விமானமும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் விமானத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நம் ஊர்கள் வழியே சென்னைக்குச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையே அதற்கு விடை. அச்சாலையிலுள்ள பல்லாவரத்தில், 1910-ஆம் ஆண்டு, சென்னையில் ஓட்டல் நடத்திவந்த டி'ஆஞ்ஜலிஸ் என்பவர் தாம் வடிவமைத்த விமானத்தைப் பறக்கவிட்டார். அதனைக் கட்டிக்கொடுத்தது சென்னை சிம்ப்சன் நிறுவனம். ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்து அப்போது ஏழு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

பல்லாவரத்தை அடுத்த குரோம்பேட்டையில் 1949-இல் எம்.ஐ.டி. தொடங்கப்பெற்றது. அங்கே 1955-இல் விமானப் பொறியியல் பயில வந்து சேர்ந்த இராமேசுவரத்து மாணவரே பின்னாளில் நம் குடியரசுத் தலைவரான டாக்டர் அப்துல் கலாம். அதே எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' குழு இந்நாளில் ஆளில்லா விமானங்களால் பெயர் பெற்றது. 2018-இல் நடிகர் அஜித்குமார் அக்குழுவுக்கு ஆலோசகராக இருந்ததைப் பலரும் அறிவர். தெற்கே உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட விமான ஓடுதளமும் உண்டு.

மாணவர்களுக்கு இக்கலையைக் கொண்டுவந்து சேர்த்தது தேசிய மாணவர் படை. 1948-இல் தோன்றிய அப்படைக்கு 1950-இல் விமானப் பிரிவு ஏற்பட்டது. மாதிரி விமானம் செய்தலும் பறக்கவிடுதலும் இன்றுவரை அப்பிரிவின் பயிற்சியில் இடம்பெறுகின்றன. வாயு சைனிக் முகாமில் இதற்கென்றே போட்டிகள் நடைபெறுகின்றன. மாமாவின் தலைமுறையினர் கைக்கு எட்டியவை கல்கத்தாவில் தயாரான 'அரோரா' போன்ற சிறு எஞ்சின்கள்.

திருகு அளவியும் புரொப்பெல்லரும்

புரொப்பெல்லரின் ஒவ்வொரு கையையும் இக்கட்டுரையில் 'இலை' என்றே குறிப்பிடுவேன். 'இறக்கை' என்று வருமிடங்களில் விமானத்தின் இறக்கையைக் கொள்க. நடுவே துளையுள்ள தடித்த பகுதிக்கு, வண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு நம்மூரில் வழங்கும் 'குடம்' என்ற பெயரே பொருந்தும்.

முதலாண்டில் நாம் அனைவரும் திருகு அளவியைக் கையாண்டிருக்கிறோம். தலையை ஒருமுறை முழுதாகத் திருப்பினால் திருகு முன்னேறும் தூரமே புரியிடைத் தூரம். புரொப்பெல்லருக்கும் இதே சொல் பொருந்தும். காற்று கெட்டியான வெண்ணெயாக இருந்தால், ஒரு சுற்றில் புரொப்பெல்லர் எவ்வளவு முன்னேறுமோ அதுவே அதன் புரியிடைத் தூரம். காற்று இளகி விலகுவதால் உண்மையில் முன்னேறும் தூரம் அதைவிடச் சற்றுக் குறையும். இதனை நழுவல் என்பர்.

ஆயினும் புரொப்பெல்லர் வெறும் திருகு அன்று. ஒவ்வோர் இலையும் சுழல்கின்ற ஓர் இறக்கை. முன்பக்கம் குவிந்தும் பின்பக்கம் ஏறக்குறைய தட்டையாகவும் இருக்கும் அதன் குறுக்குவெட்டைப் பார்த்தாலே இது விளங்கும். விமான இறக்கை தூக்குவிசை தருவதுபோல் இலை உந்துவிசை தருகிறது. இவ்வாறு கணக்கிட்டே ரைட் சகோதரர்கள் 1903-இல் எட்டரை அடி விட்டமுள்ள புரொப்பெல்லர்களை ஸ்ப்ரூஸ் மரத்தில் செதுக்கினர். அவற்றின் பயனுறுதிறன் ஏறத்தாழ 75 விழுக்காடு. அவர்களது எஞ்சின் சுமார் 12 குதிரைத்திறனே கொண்டது. அவ்வளவு சிறிய திறனோடு தரையை விட்டு எழ முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இலை ஏன் முறுக்கேறியிருக்கிறது என்பதற்கும் விடை எளிது. ஒரு சுற்றில் நுனி நெடுந்தூரம் ஓடுகிறது. குடத்துக்கு அருகிலுள்ள பகுதி சிறிது தூரமே ஓடுகிறது. இரண்டும் ஒரே அளவு முன்னேற வேண்டுமானால் உட்பகுதி செங்குத்தாகவும் நுனி படிந்தும் இருக்க வேண்டும். 10 அங்குல விட்டமும் 6 அங்குலப் புரியிடைத் தூரமும் உள்ளதில் நுனியின் கோணம் சுமார் 11 பாகை. இலையின் பாதியில் சுமார் 21 பாகை.

இரண்டு எண்கள்

புரொப்பெல்லரின் இலையில் 10×6 என்பது போல் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது புரியிடைத் தூரம், இரண்டும் அங்குலத்தில். இவ்விரண்டையும் எஞ்சினின் கொள்ளளவோடு பொருத்துவதே தேர்வின் முதற்படி. வழக்கத்திலுள்ள அளவுகள் வருமாறு:

0.8 சி.சி. எஞ்சினுக்கு 6×3.
1.5 சி.சி. டீசல் எஞ்சினுக்கு 8×4.
2.5 சி.சி. குளோ பிளக் எஞ்சினுக்கு 8×4. அதே அளவு டீசலுக்கு 9×4.
4 சி.சி.க்கு 9×4 அல்லது 9×5.
6.5 சி.சி.க்கு 10×6.
7.5 சி.சி.க்கு 11×5 அல்லது 11×6.
10 சி.சி.க்கு 11×7 அல்லது 12×6.

இங்கே டீசல் என்பது பெட்ரோல் பங்கில் விற்கும் டீசல் அன்று. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் கலந்த எரிபொருளை அழுத்தத்தாலேயே எரிக்கும் சிறு எஞ்சின். குளோ பிளக் எஞ்சினுக்கு மெதனாலும் எண்ணெயும் முதன்மை. வேகம் வேண்டின் சிறிது நைட்ரோமீத்தேன் சேர்ப்பர். டீசல் குறைந்த வேகத்தில் மிகுந்த திருப்புவிசை தருவதால் சற்றே பெரிய புரொப்பெல்லரைச் சுழற்ற வல்லது.

மேற்கண்ட பட்டியல் தொடக்கம் மட்டுமே. எஞ்சினோடு வரும் குறிப்புத்தாளில் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுக. புதிய எஞ்சினைப் பழக்கும்போது ஒரு படி குறைந்த சுமையுள்ளதை மாட்டுவது வழக்கம். அளவுக்கு மீறிய புரொப்பெல்லரை மாட்டினால் எஞ்சின் திணறிச் சூடேறும். எதிர்த்து உதைத்து நட்டையே தளர்த்திவிடும். மிகச் சிறியதை மாட்டினால் எஞ்சின் கட்டுக்கு மீறி ஓடி உள்ளுறுப்புகள் தேய்ந்துபோகும். மிகுந்த இரைச்சல் மிகுந்த உந்துவிசைக்கு அடையாளம் அன்று.

பணிக்கேற்ற தேர்வு

ஒரே எஞ்சினைப் பலவகை விமானங்களில் பொருத்தலாம். அப்போது எஞ்சினின் சுமையை மாற்றாமல் புரொப்பெல்லரின் குணத்தை மட்டும் மாற்றுவது எப்படி? ஒரே வேகத்தில் சுழற்றத் தேவைப்படும் திறன், தோராயமாக, விட்டத்தின் நான்காம் அடுக்கையும் புரியிடைத் தூரத்தையும் பெருக்கிய அளவுக்கு ஏற்ப மாறும். சுழற்சி வேகம் கூடினாலோ அதன் மும்மடிக்கு ஏற்பத் திறன் கூடும்.

இதன்படி 10×6-இன் சுமை எண் 60,000. விட்டத்தை ஓரங்குலம் கூட்டினால் புரியிடைத் தூரத்தை ஓரங்குலம் குறைக்க வேண்டும் என்பது களத்தில் வழங்கும் சுருக்க விதி. அவ்வாறு செய்தால் கிடைக்கும் 11×5-இன் சுமை எண் 73,205. இது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். 11×4 என்றால் 58,564. இதுவே பழைய சுமைக்கு மிக அருகில் வருகிறது. வேகத்தை நாடி 9×8 எடுத்தால் 52,488. சற்றே குறைந்த சுமை. சுருக்க விதியைக் குருட்டுப்பாடமாக நம்பாமல் ஒருமுறை பெருக்கிப் பார்ப்பது நல்லது.

இனி வேகத்தைக் காண்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுவதாகக் கொள்வோம். நழுவலைக் கணக்கில் எடுக்காமல், 10×6 மணிக்கு சுமார் 100 கி.மீ. வேகம் தரும். 11×4 தருவது 67 கி.மீ.; 9×8 தருவது 134 கி.மீ. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டரையும், அதே சாலையில் அதைக் கடந்து பறக்கும் காரையும் நினைத்துப் பார்க்கலாம். பெரிய விட்டமும் சிறிய புரியிடைத் தூரமும் முதல் கியர் போன்றவை. சிறிய விட்டமும் பெரிய புரியிடைத் தூரமும் டாப் கியர் போன்றவை.

ஆகவே, கற்போர் ஓட்டும் அகன்ற இறக்கை விமானத்துக்கும், பெரிய இறக்கை கொண்ட பழைய காலத்து விமான மாதிரிக்கும் முதல்வகை ஏற்றது. கரடுமுரடான ஏரித்தரையிலிருந்து விரைவாக எழவும் அதுவே உதவும். மெல்லிய இறக்கையோடு சீறிப் பாயும் விமானத்துக்கு இரண்டாம் வகை. இன்னொரு வரம்பும் உண்டு. மேலே கணக்கிட்ட வேகம், விமானம் தூக்குவிசை இழந்து விழும் வேகத்தைப் போல் குறைந்தது இரண்டரை மடங்காவது இருக்க வேண்டும் என்பது மாதிரி விமானிகளின் அனுபவ விதி. அதற்குக் குறைந்தால் விமானம் காற்றில் தத்தளிக்கும்.

சுற்றுகளை எண்ண ஒளியால் இயங்கும் டாக்கோமீட்டர் கிடைக்கிறது. அது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சோக் வைத்த பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மின்னுகிறது. இரண்டு இலைக்கென அமைத்த டாக்கோமீட்டரை அதன் முன் பிடித்தால் 3,000 என்று காட்ட வேண்டும்.

கத்திரி வெயிலும் கடற்காற்றும்

அயல்நாட்டு நூல்கள் குளிர்ந்த ஊருக்காக எழுதப்பட்டவை. நம் மாவட்டத்துக் கத்திரி வெயிலில் 40 பாகை செல்சியஸ் சாதாரணம். 15 பாகையோடு ஒப்பிட்டால் அப்போது காற்றின் அடர்த்தி சுமார் 8 விழுக்காடு குறைவு. எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றும் குறைகிறது. புரொப்பெல்லரை எதிர்க்கும் காற்றும் குறைகிறது. ஆகவே டாக்கோமீட்டர் ஏறக்குறைய பழைய எண்ணையே காட்டும். உந்துவிசை மட்டும் 8 விழுக்காடு குறைந்திருக்கும். இறக்கையின் தூக்குவிசையும் அதே அளவு குறையும். 'எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது, விமானம் ஏன் எழவில்லை?' என்று நண்பகலில் திகைப்போர்க்கு இதுவே விடை. காலை ஏழு மணிக்குள் களத்துக்குப் போவதே சிறந்த பரிகாரம்.

பிற்பகலில் மரக்காணம் பக்கமிருந்து கடற்காற்று ஏறும். அதிலுள்ள ஈரமும் உப்பும் எஞ்சின் தண்டின் மறையையும் வாஷரையும் துருப்பிடிக்கச் செய்யும். துருவேறிய மறையில் நட் முழுதும் இறங்காது, இறங்கியதுபோல் தோன்றும். பறத்தல் முடிந்ததும் ஒரு சொட்டு எண்ணெய் இட்டுத் துடைப்பது அவசியம்.

மரமா, நைலானா?

மரப் புரொப்பெல்லர் பெரும்பாலும் பீச் அல்லது மேப்பிள் மரத்தில் செய்யப்படுகிறது. எடை குறைவு, விறைப்பு மிகுதி. ஆதலால் எஞ்சின் விரைந்து வேகம் பிடிக்கும். தரையில் மோதினால் தானே உடைந்து எஞ்சின் தண்டைக் காப்பாற்றும். கற்போர் நாளொன்றுக்கு மூன்றை உடைப்பதும் உண்டு.

நைலான், அல்லது கண்ணாடி இழை கலந்த நைலான், அடி தாங்கும். கற்போர்க்கு இதுவே ஏற்றது. ஆனால் நைலான் ஈரம் வற்றினால் நொறுங்கும் தன்மை அடைகிறது. இதற்குப் பழைய கைப்பழக்கம் ஒன்று உண்டு. வெறும் நைலான் புரொப்பெல்லரை நீரில் அரைமணி நேரம் கொதிக்க வைத்தால் அது மீண்டும் ஈரம் ஏற்று வலுப்பெறும். இலை வளையாதபடி அகன்ற பாத்திரத்தில் கிடத்தி வைக்க வேண்டும். ஆறிய பின் சமநிலை பார்க்க வேண்டும். மாமாவின் வீட்டில் இதற்கென்று தனிப் பாத்திரம் உண்டு. அடுக்களைப் பாத்திரத்தை எடுக்க அத்தை விடுவதில்லை.

அச்சில் வார்த்த நைலானின் விளிம்பில் கத்திபோல் மெல்லிய பிசிறு நிற்கும். அதை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிய பின்னரே பயன்படுத்துக.

சமநிலை பார்த்தல்

11,000 சுற்றில் 10 அங்குலப் புரொப்பெல்லரின் நுனி நொடிக்கு 146 மீட்டர், அதாவது மணிக்கு 527 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அங்கே முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 17,000 மடங்கு. ஆகவே ஓர் இலையின் நுனியில் பத்தில் ஒரு கிராம் கூடியிருந்தால், ஒன்றே முக்கால் கிலோ எடைக்கு நிகரான விசை நொடிக்கு 183 முறை திசை மாறி எஞ்சினை உலுக்கும். தாங்கிகள் தேயும், எரிபொருள் தொட்டியில் நுரை எழும், திருகுகள் ஒவ்வொன்றாய்த் தளரும்.

சமநிலை பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. துளைக்குப் பொருத்தமான வழவழப்பான எஃகுக் கம்பியைச் செருகி, மட்டம் பார்த்து நிறுத்திய இரண்டு பிளேடு விளிம்புகளின்மீது வைத்தால் போதும். கனத்த இலை கீழே தாழும். அதன் குவிந்த முன்பக்கத்தை உப்புத்தாளால் சீராகத் தேய்த்து எடை குறைக்க வேண்டும். விளிம்பைச் சீவுவதும் நுனியை வெட்டுவதும் கூடாது. மர இலையானால், இலேசான பக்கத்தில் ஒரு பூச்சு வார்னிஷ் தடவியும் சரிசெய்யலாம். தேய்த்த மரத்துக்கு எவ்வாறாயினும் வார்னிஷ் வேண்டும். இல்லையெனில் விளக்கெண்ணெயை உறிஞ்சி மறுபடியும் சமநிலை கெடும்.

படுக்கையாக வைத்தால் நின்று, செங்குத்தாக வைத்தால் நில்லாமல் ஒருபக்கம் சாயுமானால், குறை குடத்தில் உள்ளது என்று அறிக.

பொருத்துதல்

துளை தண்டுக்குச் சிறியதாக இருந்தால் ரீமர் கொண்டு பெரிதாக்க வேண்டும். கத்தியாலோ கையில் பிடித்த ட்ரில்லாலோ குடைந்தால் துளை மையம் தவறும்; பிறகு எந்தச் சமநிலையும் நில்லாது. எண் பொறித்த குவிந்த பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். பின்னோக்கி மாட்டினாலும் விமானம் ஓரளவு இழுக்கும். ஆதலால் இப்பிழை எளிதில் கண்ணில் படாது.

எஞ்சினை மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் அழுத்தம் கையைத் தடுக்கும். அவ்விடத்தில் புரொப்பெல்லர் கிடைமட்டமாக இருக்குமாறு பொருத்துக. வானில் எஞ்சின் நின்றுபோனால் பெரும்பாலும் அந்நிலையிலேயே நிற்கும். இறங்கும்போது இலை தரையில் இடியாது. நட்டை ஸ்பேனரால் இறுக்க வேண்டும். கொறடு நட்டின் முனைகளை மழுக்கிவிடும். ஒவ்வொரு முறை பறக்கவிடுமுன்னும், எஞ்சின் எதிர்த்து உதைத்த பின்னும் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும்.

ஒட்டுப் போடலாகாது

இப்போது முதன்மையான செய்திக்கு வருகிறேன். நாம் சிக்கனமாக வளர்ந்தவர்கள். அறுந்த செருப்பைத் தைப்போம். உடைந்த குடத்தை அடைப்போம். சைக்கிள் ட்யூபுக்கு ஒட்டின்மேல் ஒட்டுப் போடுவோம். அது நல்ல பழக்கமே. ஆனால் அந்தப் பழக்கம் புரொப்பெல்லரின் வாசலில் நின்றுவிட வேண்டும்.

ஓர் இலையின் எடை 10 கிராம், அதன் ஈர்ப்பு மையம் குடத்திலிருந்து 5 செ.மீ. தொலைவில் என்று கொள்வோம். 11,000 சுற்றில் அந்த இலையைக் குடத்தோடு பிடித்து நிறுத்தத் தேவையான விசை சுமார் 68 கிலோ எடைக்குச் சமம். அதாவது, ஒவ்வோர் இலையிலும் ஓர் ஆள் தொங்குவதாக நினைத்துக்கொள்ளலாம். நூலிழை போன்ற ஒரு விரிசல் அந்த ஆளை எவ்வளவு நேரம் தாங்கும்? நுனியிலிருந்து 2 கிராம் துண்டு ஒன்று பிய்த்துக்கொண்டால் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 21 ஜூல். துப்பாக்கி சுடும் போட்டிகளில் பயன்படும் காற்றுத் துப்பாக்கியின் குண்டுக்கு இதில் பாதிகூட இல்லை.

இது காகிதக் கணக்கு மட்டும் அன்று. மாமாவின் நண்பர் ஒருவர், நுனி உடைந்த இலையை அரால்டைட் வைத்து ஒட்டி, உலர்ந்தபின் தேய்த்து, சமநிலையும் பார்த்து மாட்டினார். முழு வேகத்தில் ஒட்டு விட்டது. துண்டு பறந்து அருகில் நின்ற சைக்கிளின் மட்கார்டை நெளித்தது. மிச்சமிருந்த பாதி, சமநிலை இழந்து, எஞ்சினைத் தாங்கியோடு பிடுங்கியது. ஊசி வால்வைத் திருகிக்கொண்டிருந்த அவருடைய ஆள்காட்டி விரல் அன்றிலிருந்து முழுதாக மடங்குவதில்லை. அவர் மிச்சப்படுத்த நினைத்தது இரண்டு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசு. "மாப்ளே, ஒடஞ்ச ஃபேன எடுத்து வெக்கிறது செத்த பாம்ப எடுத்து வெக்கிற மாதிரி இல்ல, உசுரோட இருக்கிற பாம்ப எடுத்து வெக்கிற மாதிரி" என்பார் மாமா.

ஆகவே ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியவை இவை. பறத்தல் முடிந்ததும் சோப்பு நீரில் நனைத்த துணியால் இலைகளைத் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டும் செம்மண் தூசி விரிசலை மறைக்கும். பிறகு வெளிச்சத்தில் பிடித்து விளிம்பையும், இலை குடத்தோடு சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். ஏரித்தரையின் கல்லும் வேலிக்காத்தான் முள்ளும் பட்டால் முன்விளிம்பில் வெட்டுக்காயம் விழும். இலையை விரலால் மெல்ல வளைத்துப் பார்த்து, 'டிக்' என்ற ஓசை கேட்கிறதா என்று கவனிக்க வேண்டும். நைலானில் வெள்ளைக் கோடு தோன்றினால் அது உள்ளே முறிந்ததற்கு அடையாளம்.

விரிசல், வெட்டு, வெள்ளைக் கோடு, இழந்த நுனி இவற்றுள் எது கண்டாலும் தீர்ப்பு ஒன்றே. அதைக் கையாலேயே இரண்டாக முறித்துவிட வேண்டும். முறிக்காமல் எறிந்தால் வேறொருவர் எடுத்து மாட்டக்கூடும். நல்லவற்றைத் துணிப்பையில் இட்டு வெயில் படாத இடத்தில், பாரம் ஏற்றாமல் வைக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரண் மரப் புரொப்பெல்லருக்கு ஆகாது, முறுக்கிக்கொள்ளும்.

இயக்கும்போது

இலைகளின் நுனியில் வெள்ளை அல்லது மஞ்சள் வண்ணம் தீட்டினால் சுழலும் வட்டம் கண்ணுக்குத் தெரியும். எஞ்சினை விரலால் சுண்டாமல், ரப்பர் உறையிட்ட தடியாலோ ஸ்டார்ட்டராலோ இயக்குவது நல்லது. ஓடத் தொடங்கியதும் பின்பக்கம் வந்துவிட வேண்டும். ஊசி வால்வைத் திருகுவது பின்னாலிருந்துதான். புரொப்பெல்லர் சுழலும் தளத்துக்கு நேராகப் பக்கவாட்டில் எவரும் நிற்கலாகாது. துண்டு பறப்பது அத்திசையிலேயே. தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக்கை, கழுத்துச் சங்கிலி ஆகியவற்றை அகற்றிவிட வேண்டும். களத்துக்கு வரும் சிறுவர்களைத் தொலைவில் நிறுத்துவது நம் பொறுப்பு.

இந்நாளில் பலர் எஞ்சினை விட்டு மின்மோட்டாருக்கு மாறிவிட்டனர். மேற்கூறிய கணக்குகள் அதற்கும் பொருந்தும். இரண்டு வேறுபாடுகள் உண்டு. பெரிய புரொப்பெல்லரை மாட்டினால் எஞ்சின் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மோட்டாரோ மேலும் மின்னோட்டத்தை இழுத்து வேகத்தைக் காக்க முயன்று, தன்னையும் கட்டுப்பாட்டுச் சுற்றையும் எரித்துக்கொள்ளும். விரல் பட்டால் சிறு எஞ்சின் நின்றுபோகலாம்; மோட்டார் நில்லாமல் மீண்டும் மீண்டும் அடிக்கும். பாட்டரியை இணைக்குமுன் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுச் சோதிப்பதே அறிவுடைமை. நம் வயல்களில் மருந்து தெளிக்க வரும் டிரோன்களின் அருகில் நிற்போரும் இதனை நினைவிற் கொள்க.

சட்டமும் அறிந்திருக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, கல்விக்கும் பொழுதுபோக்குக்கும் கண்பார்வைக்குள் இயக்கும் 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. எனினும் சிவப்பு, மஞ்சள் மண்டலங்களில் அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது. புதுச்சேரி விமான நிலையம் நமக்கு அருகில் இருப்பதால் வரைபடத்தைப் பார்த்தே களம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முடிவுரை

மையநோக்கு விசை, கோணத் திசைவேகம், புரியிடைத் தூரம், காற்றின் அடர்த்தி ஆகிய அனைத்தும் தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண் வினாக்களாக நமக்கு அறிமுகமானவை. பத்து அங்குல நைலான் துண்டு ஒன்றில் அவை யாவும் ஒன்றாய்க் கூடிச் சுழல்கின்றன. நம் கல்லூரியிலும், திண்டிவனம் திரு. ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும் ஆர்வமுள்ள மாணவர்கள் சிலர் சேர்ந்து, ஓர் எஞ்சினும் ஒரு டாக்கோமீட்டரும் வாங்கினால், ஆய்வகத்துக்கு வெளியே ஓர் ஆய்வகம் கிடைக்கும். பேராசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் அடுத்த கோடைக்குள் இது கைகூடும்.

அவ்வாறு கூடும் குழுவுக்கு முதல்நாள் பாடமாக நான் வைக்க விரும்புவது ஒன்றுதான். புரொப்பெல்லர் வாங்குமுன் பெருக்கிப் பாருங்கள். விரிசல் கண்டபின் முறித்துப் போடுங்கள். விமானம் உடைந்தால் மறுபடியும் கட்டலாம். கண்ணும் விரலும் மறுபடியும் கட்டக் கூடியவை அல்ல.